நண்டு எண்ணும் வகுப்பு

செக் ஜாவாவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று உண்டு. இரண்டும் பொருந்தி வருவது அபூர்வம்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில் இருக்கும் அந்தக் கடற்கரையில் தண்ணீர் நன்றாக வற்றினால்தான் கடலடி கண்ணுக்குத் தெரியும். ஓத அளவு அரை மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டும். ஆண்டின் நடுமாதங்களில் அப்படிப்பட்ட வற்றம் பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் வருகிறது. ஆண்டுக் கடைசியில் பொழுது சாய்ந்த பிறகு வருகிறது. முதல் நேரத்தில் நம் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதில் துணைப்பாட வகுப்பில் இருப்பார்கள்.

தெம்பனிஸ்காரர்களுக்குத் தூரம் ஒரு சாக்கே இல்லை. பேருந்து முனையத்தில் 29ஆம் எண் பேருந்தைப் பிடித்தால் சாங்கி வில்லேஜ். படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் கிளம்பிவிடும். சற்று நேரத்தில் உபின். அங்கிருந்து சைக்கிளோ வேனோ நடையோ, அவரவர் கால்பலத்தைப் பொறுத்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தும், தெம்பனிஸ் அடுக்குமாடிகளில் வளரும் பல பிள்ளைகளுக்குக் கடல் என்றால் ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள் ஓட்டும் இடம், அல்லது விமான ஜன்னலில் கப்பல்கள் வரிசையாக நிற்கும் இடம்.

சிங்கப்பூர்க் கடலில் என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சில எண்கள். உலகில் கடினப் பவள இனங்கள் எண்ணூற்றுச் சொச்சம்; அவற்றில் 250க்கும் மேற்பட்டவை இந்தச் சின்னத் தீவைச் சுற்றி வாழ்கின்றன. கடற்புல்லில் 12 வகை உண்டு. கப்பல் போக்குவரத்து மிகுந்த உலகத் துறைமுகங்களுள் ஒன்றின் வாசலில், கலங்கிய தண்ணீருக்கு அடியில், இத்தனையும் பிழைத்திருக்கின்றன. இழந்ததும் கொஞ்சமில்லை. 1960இல் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று ஏறக்குறைய 735 சதுர கிலோமீட்டர். கூடுதலாகக் கிடைத்த நிலமெல்லாம் கடல் இருந்த இடம். பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் அதனடியில் போய்விட்டன. பாசிர் ரிஸ் கரையோரத்தில் காலாற நடப்பவர்களில் பலருக்கு, தாங்கள் நடக்கும் மண்ணில் பெரும்பகுதி 1970களின் கடைசியில் தூர்த்து உண்டாக்கியது என்பது தெரியாது. அப்போது விட்டுவைத்த அலையாத்திக் காட்டில் ஆறு ஹெக்டேர் இன்னும் நிற்கிறது.

செக் ஜாவாவும் அப்படித் தூர்க்கப்பட வேண்டியதுதான். 2001 கடைசியில் மண் கொட்டும் வேலை தொடங்குவதாக இருந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2000 டிசம்பரில், தாவரவியலாளர் ஜோசப் லாய் வற்ற நேரத்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன செய்தி மெல்ல மெல்லப் பரவியது. மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் பரப்பு, பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஏறத்தாழ நூறு ஹெக்டேருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. 2001இல் அன்றைய ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அரும்பொருளகத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டூழியர்களும் இறங்கி, மண் விழுவதற்குள் இருப்பதையாவது குறித்துவைப்போம் என்று ஒவ்வோர் உயிராகப் பதிவு செய்தார்கள். மூடப்போகிறார்கள் என்ற சேதி எட்டியதும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் படகேறினார்கள். 2002 ஜனவரியில் அரசு நில மீட்பைத் தள்ளிவைத்தது. அதை ரத்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வளர்ச்சிக்கு உபின் தேவைப்படாத வரை விட்டுவைப்பது என்பதுதான் முடிவு. 2007இல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமான நடைமேடையும் இருபது மீட்டர் உயரப் பார்வைக் கோபுரமும் வந்துசேர்ந்தன.

மனுக்களும் கடிதங்களும் அந்த முடிவுக்கு உதவின. ஆனால் அவற்றுக்கு எடை கொடுத்தது ஒரு பட்டியல். எந்த உயிர், எந்த இடத்தில், எத்தனை என்று யாரும் எழுதி வைக்காதவரை அது வரைபடத்தில் வெறும் சேற்றுத்திட்டுதான். இந்தப் பட்டியல் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி. கொடுத்தால் பிள்ளைக்கு என்ன லாபம், அறிவியலுக்கு என்ன லாபம்?

பிள்ளையின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனின் தொடக்கப்பள்ளி மாணவர் 109 பேரிடம் படச்சீட்டுகளைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். பாதிச் சீட்டுகளில் அந்த நாட்டுப் பூச்சி, பறவை, செடி. மீதியில் போக்கிமான் உருவங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் இயற்கை உயிர்களில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னார்கள், போக்கிமானில் பத்தில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. எட்டு வயதில் கதை தலைகீழ். போக்கிமானில் நூற்றுக்கு 78 சரி. இயற்கை உயிர்களில் பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. பிள்ளைகளின் மூளையில் பெயர்களுக்கு இடம் தாராளமாக இருக்கிறது, அதில் எதைப் போட்டு நிரப்புகிறோம் என்பது பெரியவர்கள் கையில் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். தெம்பனிஸ் மாலில் ஒரு பொம்மைக் கடையில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே இந்த முடிவுக்கு வந்துவிட முடியும், கேம்பிரிட்ஜ் போக வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஆய்வு என்பது தோன்றுவதை அளந்து காட்டுவது.

அறிவியலின் பக்கம் இன்னும் சுவையானது. பள்ளிப் பிள்ளைகள் எண்ணிக் கொண்டுவரும் கணக்கை நம்பலாமா என்று விஞ்ஞானிகள் சந்தேகப்படுவது நியாயமே. அந்தச் சந்தேகத்தையே ஆய்வாக்கினார் டேவிட் டிலேனி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியிலிருந்து மேன் வரை 52 இடங்களில், ஏறக்குறைய ஆயிரம் தொண்டூழியர்களை இறக்கி நண்டு பிடிக்கச் சொன்னார்கள். அந்தக் கரைக்கு வெளியிலிருந்து குடியேறிய ஆசியக் கரை நண்டையும் ஐரோப்பியப் பச்சை நண்டையும் உள்ளூர் நண்டிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். 2008இல் வெளிவந்த முடிவு இது: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு எண்பது தடவை சரியாகச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில் அது 95 ஆனது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் மட்டும் தடுமாற்றம் இருந்தது. அதை 95 விழுக்காடு சரியாகச் செய்ய இரண்டாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு தேவைப்பட்டது.

அதாவது, கேள்வியைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி அமைத்தால் பதில் நம்பத்தக்கதாக இருக்கும். ஒன்பது வயதுக்காரரிடம் ‘இது எந்த நண்டு?’ என்று கேட்கலாம். ‘இது ஆணா பெண்ணா?’ என்று கேட்கக் கூடாது. கடலுயிர் ஆய்வைப் பள்ளிக்குக் கொண்டுவர நினைக்கும் எந்த ஆசிரியருக்கும் இதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் கிடைப்பது கடினம்.

சிங்கப்பூரில் இதற்கு ஏற்ற ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1998இல் தொடங்கிய ‘சீகிராஸ்-வாட்ச்’ என்ற கடற்புல் கண்காணிப்பு முறையை இங்கே ‘டீம்சீகிராஸ்’ தொண்டூழியர்கள் 2007 முதல் செய்துவருகிறார்கள். செக் ஜாவாவும் அவர்கள் கண்காணிக்கும் இடங்களில் ஒன்று. முறை எளிது. கரையிலிருந்து கடலை நோக்கி ஐம்பது மீட்டர் அளவுநாடா ஒன்றை விரிக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டர் இடைவெளி விட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொரு நாடாவிலும் ஐந்து மீட்டருக்கு ஒரு முறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைக்க வேண்டும். ஒரு நாடாவுக்குப் பதினொன்று, மூன்றுக்கும் சேர்த்து 33 சதுரங்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, சட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது, எந்த வகைப் புல், எவ்வளவு நீளம், மண்ணா மணலா என்று குறிக்க வேண்டும். மேலே பாசி படிந்திருக்கிறதா, பக்கத்தில் நத்தையோ கடலட்டையோ இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும்.

உயர்நிலை ஒன்று படிக்கும் பிள்ளைக்கு இதில் முடியாதது எதுவும் இல்லை. விழுக்காடு கணக்குப் பாடத்தில் வந்துவிட்டது. சதுரச் சட்டத்தைக் குழாயில் செய்துகொள்ளலாம். கற்க வேண்டியது கண்ணைப் பழக்குவதுதான். ஒரே சதுரத்தை இருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் நாற்பது என்றும் மற்றவர் அறுபது என்றும் சொன்னால், ஏன் என்று நின்று பேச வேண்டும். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில்தான் அறிவியல் வகுப்பு தொடங்குகிறது. பாடப்புத்தகத்துச் சோதனைகளுக்கு விடை முன்கூட்டியே தெரியும். கடற்கரைச் சதுரத்துக்குத் தெரியாது.

புல்லை அளந்து என்ன ஆகப்போகிறது? ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் உணவு அது. செக் ஜாவா, சாங்கி கரைகளில் ஆவுளியா மேய்ந்த தடங்கள் புல்பரப்பில் கோடு கோடாகத் தென்பட்டிருக்கின்றன. அந்தப் பிராணியை நேரில் பார்ப்பது அரிது. தடத்தைப் பார்த்துக் குறித்துவைக்கும் கண்கள் கரையில் இருக்கும்வரைதான் அது இங்கே வந்துபோனது நமக்குத் தெரியும்.

நீண்டகாலக் கணக்கின் அருமை கெட்ட நேரத்தில்தான் தெரியவரும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் கொட்டிய பெருமழையின் நன்னீர் ஆற்றுவழியே வந்து செக் ஜாவாவைச் சூழ்ந்தது. கடல்தாமரைகள், நட்சத்திர மீன்கள், கடற்பஞ்சுகள் எனக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதற்கு முன் யாரோ உட்கார்ந்து எண்ணி வைத்திருந்ததால்தான், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று பிறகு சொல்ல முடிந்தது. ஜொகூர் நீரிணையின் கிழக்குப் பகுதி, மேற்கில் 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தால் அடைபட்ட ஒரு நீண்ட முட்டுச்சந்து. தண்ணீர் தாராளமாக வந்துபோக வழியில்லாததால் நுண்பாசி பெருகினால் சீக்கிரம் கலைவதில்லை. 2015 தொடக்கத்தில் அப்படிப் பெருகியபோது மீன்பண்ணைகளில் ஐந்நூறு டன்னுக்கு மேல் மீன் மடிந்தது; பாசிர் ரிஸ் கரையில் செத்த மீன்கள் ஒதுங்கின. நாற்றத்தைத் தெம்பனிஸ் மக்களும் மறந்திருக்க மாட்டார்கள். தெற்கே பவளங்களுக்கு வேறு கவலை: கடல் சூடேறி 1998, 2010, 2016, 2024 என நான்கு முறை பெருமளவில் வெளுத்துவிட்டன.

குப்பையும் ஆய்வுப்பொருள்தான். அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு நாள் சிங்கப்பூரில் 1992 முதல் நடக்கிறது. இதைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்தவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் விரிவுரையாளர் என். சிவசோதி, நீர்நாய் ஆய்வால் ‘ஆட்டர்மேன்’ என்றே மாணவர்களிடம் பெயர் வாங்கியவர். செப்டம்பரில் பள்ளிகள் கையுறையோடு வந்து இறங்குகின்றன. இதைச் சாதாரணத் துப்புரவிலிருந்து பிரிப்பது தரவுத்தாள். உறிஞ்சுகுழல் எத்தனை, போத்தல் மூடி எத்தனை, மெதுநுரைத் துண்டு எத்தனை என்று எண்ணிக் குறித்த பிறகே பைக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு உலகத் தொகுப்பில் சேர்கிறது. தெம்பனிஸ் ஆறு பாசிர் ரிஸ் பூங்கா வழியாகத்தான் கடலில் விழுகிறது என்பதைப் பிள்ளைகள் வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கரைக்குப் போனால், எண்ணும் உறிஞ்சுகுழலுக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும்.

கரைக்குப் போக வழியில்லாத நாளில் கென்ட் ரிட்ஜில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் அடுத்த நல்ல இடம். 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவை ஒட்டி மிதந்துவந்த பத்தரை மீட்டர் நீளப் பெண் திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே தொங்குகிறது. வயிற்றில் கிடைத்த கணவாய் அலகுகள் ஆயிரத்துக்கும் மேல். கூடவே பிளாஸ்டிக் குவளையும் உணவுப் பொட்டல உறைகளும். முதுகெலும்பில் கப்பல் மோதியதற்கான அடையாளம். இவ்வளவையும் ஆய்வாளர்கள் வாரக்கணக்கில் அழுகிய சதையை அறுத்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் எந்த வகுப்பும் வாய் பிளக்கும்.

கண்டுபிடிக்க இனி என்ன மிச்சமிருக்கிறது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு செய்திகள். நெப்டியூனின் கிண்ணம் என்ற பெரிய கடற்பஞ்சு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர்க் கடலில்தான் முதலில் அறிவியலின் கண்ணில் பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு இங்கே யாரும் பார்க்கவில்லை. அழிந்தே போனது என்று முடிவு கட்டியிருந்தார்கள். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு அருகே முங்கியவர்கள் உயிரோடு கண்டார்கள். 2010 முதல் 2015 வரை தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நூற்றுக்கணக்கான தொண்டூழியர்களோடு நடத்திய முழுமையான கடலுயிர்க் கணக்கெடுப்பில் சிங்கப்பூரில் அதுவரை அறியப்படாத பல இனங்கள் சிக்கின. அறிவியலுக்கே புதியவையாகக் கருதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. இதே காலத்தில், 2014இல், இங்குள்ள ஒரு கடல்தாமரைக்குப் புதுப் பேரினமே வகுத்து ‘சின்பீச்சியா தெமாசெக்’ என்று பெயரிட்டார்கள். தெமாசெக் என்ற பழம்பெயர் ஒரு கடல்தாமரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

மாணவர்களை நம்பி நீண்டகால ஆய்வை நடத்த முடியுமா என்று கேட்பவர்கள் சென்னையைப் பார்க்கலாம். அங்கே மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் மாணவர்களும் மற்றவர்களும் இரவில் நீலாங்கரைப் பக்கத்துக் கடற்கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கூடு எத்தனை, முட்டை எத்தனை, இறந்து ஒதுங்கிய ஆமை எத்தனை என்ற கணக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்கிறது. மாணவர்கள் படிப்பு முடித்துப் போகிறார்கள், புது மாணவர்கள் வருகிறார்கள், பதிவேடு மட்டும் நிற்கிறது.

சிங்கப்பூர்ப் பள்ளிகள் கடலை மறந்துவிட்டன என்று சொல்வது அநியாயம். கல்வி அமைச்சு 2021இல் சுற்றுச்சூழல் பேணும் திட்டம் ஒன்றை எல்லாப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தது. பூங்காக் கழகம் பள்ளிகளுக்கென்று பல்லுயிர் வாரம் நடத்துகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பல கற்றல் பயணங்கள் பயிற்சித்தாளோடு முடிந்துவிடுகின்றன. ‘நீங்கள் பார்த்த மூன்று உயிரினங்களின் பெயர்களை எழுதுக’ என்ற கேள்விக்கு எழுதிய பதிலை ஆசிரியர் திருத்துவார், கோப்பில் போடுவார், அடுத்த ஆண்டு வேறு வகுப்பு வந்து அதே மூன்று பெயர்களை எழுதும். அந்தத் தாள்கள் எதையும் யாரும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பதில்லை. அதே பிள்ளைகள் அதே இரண்டு மணி நேரத்தில் பாசிர் ரிஸ் அலையாத்திக் காட்டின் நடைமேடையில் நின்று, குறித்த பத்து இடங்களில் சேற்றுத்தாவிகளையும் பிடில் நண்டுகளையும் எண்ணியிருந்தால், பத்தாண்டில் பள்ளியின் கையில் ஓர் ஆவணம் இருந்திருக்கும்.

எதிர்வாதமும் கனமானது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கடற்புல்லில் இறங்கினால் நாற்பது இணைக் காலணிகள் உயிர்களின் மேல்தான் விழும். செக் ஜாவாவில் வழிகாட்டியோடு, அளவான எண்ணிக்கையில் மட்டும் இறங்க விடுவது அதனால்தான். இடி மின்னல், கொட்டும் முட்கள், பெற்றோர் ஒப்புதல், படகுக் காப்புறுதி என ஆசிரியரின் தலையில் ஏறும் சுமையும் சின்னதல்ல. ஆகவே எல்லாரையும் கரையில் இறக்க வேண்டியதில்லை. பெரிய கூட்டம் நடைமேடையிலிருந்து எண்ணட்டும். பயிற்சி பெற்ற சிறு குழு மட்டும் சேற்றில் இறங்கட்டும். ஆசிரியருக்கு அதற்கான நேரத்தைப் பள்ளி கணக்கில் வைக்க வேண்டும். ஆர்வத்தில் செய்யட்டும் என்று விட்டால் ஆர்வம் இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும்.

பெற்றோர் பள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம். பூங்காக் கழகம் கரையோர உயிர்களைக் கண்காணிக்கும் ‘இண்டர்டைடல் வாட்ச்’ திட்டத்துக்குப் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. செப்டம்பர்த் துப்புரவுக்குக் குடும்பமாகச் சேரலாம். முதல் முறை போகிறவர்கள் பாசிர் ரிஸ் நடைமேடையில் தொடங்குங்கள். வானிலையையும் ஓத நேரத்தையும் முதல் நாளே பாருங்கள். விரல் மூடிய காலணி போடுங்கள், எதையும் கையால் எடுக்காதீர்கள். பிள்ளையிடம் ஒரு பென்சிலும் நோட்டும் கொடுத்து, தேதி, நேரம், இடம் மூன்றையும் முதலில் எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்றும் இல்லாத எண்ணிக்கையை எந்த ஆய்வாளராலும் பயன்படுத்த முடியாது.